வெயில் மேல கேசு போடாதீங்க, தம்பி

வெயில்தான் காரணம்னு ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டிய. காலையில ஆறு மணிக்குத் தருவைக்குளத்துக் கரையில இருந்து கிளம்பும்போது நல்லா ஓடுத எஞ்சின், பதினோரு மணிக்கு விக்குது, இருமுது, நடுக்கடல்ல நின்னுருது. சாயங்காலம் மறுபடியும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுது. ஆகவே குத்தவாளி சூரியன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாக. உங்க விசயத்துல வானமே கோணலாப் போச்சு. இதே வெயில்லதான் எங்க வள்ளமும் ஓடுது, தம்பி. உங்க போட்டுக்குன்னு சூரியன் தனியா ஒண்ணும் உதிக்கல.

கோவிச்சுக்கிடாதீங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. போட்டெல்லாம் கரையேறி மராமத்துக்கு நிக்குது. வேலையைப் பயலுவ பாக்கானுவ, நான் நிழல்ல உக்காந்து வாய்வேலை பாக்கேன். அதுக்குத் தோதா நீங்க வந்து மாட்டிக்கிட்டிய.

உங்க போட்டை நானும் ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். பதினாறு அடி ஃபைபர், 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக்கு. நல்ல சாமான்தான். பாட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு. காப்பிக் கப்பு வைக்க நாலு குழி இருக்கு. மீன் பிடிக்காத போட்டுக்கு மீன் போட ஐஸ் பெட்டி இருக்கு. பிளக் கழட்டுத ஸ்பானர் ஒண்ணைத்தான் காணோம். கேட்டா, அதெல்லாம் மெக்கானிக் வச்சிருப்பார்னு சொல்லுதிய. மெக்கானிக் கரையிலல்லா இருக்கான்? எஞ்சின் நிக்குதது கடல்ல.

உங்க வியாதியோட சூட்சுமமே அங்கனதான் இருக்கு. காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டுனா உடம்பு ஜில்லுனு இருக்குமே, அந்தக் கதை. கயிறு கட்டி இழுத்துட்டு வாறிய, கடையில ஒரு ராத்திரி கெடக்குது, மறுநாள் காலையில அவன் ஸ்டார்ட் பண்ணுனா ஒரே அடியில பிடிச்சுக்கிடுது. அவனும் பாவம், சும்மா அனுப்ப மனசில்லாம ரெண்டு பிளக்கை மாத்தி ரூவா வாங்கிக்கிடுதான். சூட்டுல வர்ற கோளாறைச் சூட்டுலதான் பிடிக்கணும். நின்னதும் முதல் அஞ்சு நிமிசம்தான் சாட்சி இருக்கும். அந்த அஞ்சு நிமிசத்துல நீங்க என்ன செஞ்சிய? போன் எடுத்து வீடியோ பிடிச்சிய. எனக்கும் காட்டுனிய. அலை நல்லாத் தெரியுது.

இனிமே நின்னா, நிக்குத விதத்தைப் பாருங்க. இழுவை கொஞ்சங் கொஞ்சமாக் குறைஞ்சு, ரெண்டு தடவை விக்கி, நடுவுல ஒருக்கா ஓங்கி ஓடி, அப்புறம் அமுந்துச்சுன்னா பெரும்பாலும் பெட்ரோல் பஞ்சம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமப் பட்டுனு நின்னா கரண்டுச் சங்கதி. நிக்காம, சுத்து மட்டும் தானா எறங்கி, நீங்க என்ன முறுக்குனாலும் ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சா, சூட்டு அலாரம் உள்ள எஞ்சினுக்கு அது சூட்டுக் கோளாறு. புது மாடல் பலதுல 2,000 சுத்தை ஒட்டி எறங்கிரும், கூடவே கீன்னு கத்தும். எஞ்சின் தன் உசுரைக் காப்பாத்திக்கிட முயற்சி பண்ணுதுன்னு அர்த்தம். நீங்க பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சிருந்தா அந்தக் கத்தலும் காதுல விழாது.

விக்க ஆரம்பிச்ச உடனே பெட்ரோல் டியூபு நடுவுல இருக்குத ரப்பர் பம்பைப் பிடிங்க. நீங்க பிடிக்க வேண்டாம், நீங்க சுக்கானைப் பாருங்க. கூட வாற மச்சினரைப் பிடிக்கச் சொல்லுங்க, அவருக்கும் வந்ததுக்கு ஒரு வேலை. பம்பு சப்பிப் போய், உள்ளாற ஒட்டிக் கெடந்தா டேங்குப் பக்கம் அடைப்பு. பம்பு தொளதொளன்னு இருந்து, நாலு தடவை அமுக்கினதும் எஞ்சின் உசுரு பிடிச்சு ஓடி, விட்டதும் மறுபடி விக்கினா, டியூபுல காத்து ஏறுது, இல்லைன்னா பெட்ரோல் ஆவியாகுது, அதுவும் இல்லைன்னா எஞ்சின்ல இருக்குத பெட்ரோல் பம்போட சவ்வு போயிருக்கு. பம்பு கல்லாட்டம் கெட்டியா இருந்தும் நிக்குதுன்னா பம்பு வரைக்கும் குத்தமில்ல. கார்ப்ரேட்டரையோ காயிலையோ பாக்கணும். அஞ்சு விரலுக்குள்ள பாதிக் கோளாறு தெரிஞ்சுபோகும். அந்தப் பம்பு மேல ஒரு அம்புக்குறி போட்டிருக்கான், எஞ்சினைப் பாத்து இருக்கணும். உங்க போட்டுல சரியாத்தான் இருக்கு. யார் மாட்டுனதோ, நீங்களா இருக்காது.

பம்பு சப்பிப் போச்சுன்னா, வேற எதையும் தொடுததுக்கு முன்னால டேங்கு மூடி மேல இருக்குத சின்னத் திருகைப் பாருங்க. காத்துத் திருகு. பெட்ரோல் வெளிய போகப் போக, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். திருகு மூடியிருந்தா எஞ்சின் கொஞ்ச நேரம் இழுத்துப் பாக்கும், பத்து நிமிசமோ கால் மணி நேரமோ, அப்புறம் தொண்டை அடைச்சு நிக்கும். மூடியைத் தொறந்தா 'உஸ்'ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா வைத்தியம் முடிஞ்சுது, எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போயிரலாம். காருல டேங்கைக் கொண்டு வரும்போது வாடை அடிக்குதுன்னு திருகை மூடுதிய, அது சரி. கடல்ல எறங்கும்போது திறக்கணும்ல?

இந்தத் திருகுக்கு இன்னொரு முகமும் உண்டு. நங்கூரம் போட்டுட்டுக் குளிக்கப் போறிய, டேங்கு உச்சி வெயில்ல கெடக்கு, திருகு மூடிக் கெடக்கு, டியூபு எஞ்சின்ல மாட்டிக் கெடக்கு. டேங்கு உப்பும். அந்த அமுக்கம் பெட்ரோலைத் தள்ளிக்கிட்டுப் போய்க் கார்ப்ரேட்டரை நிரப்பிரும். வந்து கயிறை இழுத்தா பிடிக்காது. பிடிக்கலையேன்னு சோக்கை வேற இழுப்பிய. ஏற்கனவே மூழ்கினவன் வாயில இன்னொரு சொம்பு. அதனால நிப்பாட்டினா திருகு தொறந்து கெடக்கட்டும். மூடித்தான் ஆகணும்னா டியூபை எஞ்சின்ல இருந்து கழட்டிருங்க. டேங்கு மேல ஒரு நனைஞ்ச சாக்கைப் போடுங்க. ஐஸ் பெட்டிக்கு நிழல் தேடுதியளே, அந்தப் பாசத்துல பாதியைப் பெட்ரோல் டேங்குக்குக் குடுத்தா போதும்.

இப்ப ஆவிக்கு வருவோம். பேய் இல்ல, பயப்படாதீங்க. பெட்ரோல் ஒரே சரக்கு இல்ல, பல சரக்குக் கலவை. அதுல லேசான பங்கு 35, 40 டிகிரியிலயே கொதிக்க ஆரம்பிச்சிரும். எங்க ஆளுவ ஓட்டுத மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இந்தச் சீக்கு அவ்வளவாக் கெடையாது. மண்ணெண்ணெய் கொதிக்க 150 டிகிரிக்கு மேல வேணும். பெட்ரோல்ல கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி, கரைக்கு வர்றதுக்கு முன்னால திரும்பப் பெட்ரோலுக்கு மாத்தி நிப்பாட்டுவான். படிக்காத பய செய்யுத வேலை, பாத்துக்கிடுங்க.

பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்துல ஓடும்போதுகூட இந்த ஆவித் தொல்லை குறைவு. கடல் தண்ணி உள்ள போய்ச் சூட்டை வாங்கிக்கிட்டு வருது, புதுப் பெட்ரோலும் வந்துக்கிட்டே இருக்கு. தொல்லையெல்லாம் நிப்பாட்டுன பெறகுதான். எஞ்சினை அணைச்ச உடனே தண்ணி ஓட்டம் நிக்குது, இரும்புல தேங்கி நிக்குத சூடு மேல ஏறுது, எஞ்சின் மூடிக்குள்ள வேற காத்து இல்ல. நீங்க ஓடிக்கிட்டு இருந்தப்போ இருந்த சூட்டைவிட, நிப்பாட்டி பத்து நிமிசம் கழிச்சுத்தான் கார்ப்ரேட்டருக்குச் சூடு ஜாஸ்தி. அதுல கெடக்குத பெட்ரோல் பொங்கி ஆவியாகுது, எஞ்சின்ல இருக்குத பெட்ரோல் பம்புக்குள்ள ஆவி புகுந்து நிக்குது. பம்பு திரவத்தைத்தான் தள்ளும், ஆவியை அமுக்கி அமுக்கி விளையாடிக்கிட்டுக் கெடக்கும். நீங்க முழு வேகத்துல வந்து, சாவியைத் திருகி அணைச்சு, தொபுக்குனு கடல்ல குதிக்கிய. பாக்க அழகுதான். நிப்பாட்டுததுக்கு முன்னால ரெண்டு மூணு நிமிசம் மெதுவா ஓடவிட்டா என்ன, கடல் வத்தியா போயிரும்? நிப்பாட்டுனதும் எஞ்சின் மூடியைத் தூக்கி வச்சுச் சூட்டை வெளிய விடுங்க. திரும்பக் கிளப்பும்போது ரப்பர் பம்பைக் கெட்டியாகுத வரைக்கும் அமுக்கி, சோக்கைத் தொடாம, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தொறந்து இழுங்க.

ஆவிதானான்னு சந்தேகமா? துணியை நனைச்சுப் பிழிஞ்சு பெட்ரோல் பம்பு மேலயும் டியூபு மேலயும் சுத்துங்க. கார்ப்ரேட்டர் வாயிலயும் காயில் மேலயும் தண்ணி படக் கூடாது. கொஞ்ச நேரத்துல பிடிச்சுக்கிட்டா ஆவிதான். அமெரிக்காவுல பழைய கார்க்காரங்க இதுக்கு இன்னொரு கைவைத்தியம் வச்சிருந்தாக: துணி காயப்போடுத மரக் கிளிப்பு இருக்குல்ல, அதைப் பெட்ரோல் குழாய்ல வரிசையா மாட்டுவாக. வண்டி கிளம்பிரும். கிளிப்பு ஒவ்வொண்ணா மாட்டி முடிக்கிறதுக்குள்ள எஞ்சின் ஆறிரும், பேரு கிளிப்புக்கு. உங்களுக்குப் பிளக் மாத்திக் குடுத்தவருக்கும் இப்படிக் கெடைச்ச பேருதான்.

பங்க்ல போடுத பெட்ரோலையும் ஒரு வார்த்தை கேக்கணும். 2023-ல ஆரம்பிச்சு, 2025-ல நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் வருது. படகு எஞ்சின் கம்பெனிக்காரன் பெரும்பாலும் 10 சதவீதம் வரைக்கும்தான் ஒத்துக்கிட்டுப் புத்தகத்துல எழுதியிருப்பான். உங்க எஞ்சின் புத்தகத்துல என்ன போட்டிருக்கு? பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லையே. எத்தனால் கலந்தா பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், பழைய ரப்பர் டியூபை மெத்துனு ஆக்கிரும், முக்கியமா ஈரத்தைக் குடிக்கும். கடற்கரையில ஈரத்துக்கா பஞ்சம்? பாதி டேங்கோட மாசக் கணக்குல போட்டிருந்தா, தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு அடியில தங்கிரும். உறிஞ்சுத குழாய் வாயும் அடியிலதான் இருக்கு. எஞ்சின் முதல்ல குடிக்கது அந்தத் தீர்த்தத்தை. தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு டியூபு வழியில மாட்டுங்க. அதைவிட நல்லது, போட்டு எடுக்குத அன்னைக்கு அன்னைக்குத் தேவையான பெட்ரோலை வாங்குறது.

யாரோ உங்ககிட்ட வெயில் காலத்துல ஆயிலைக் கூட்டி ஊத்தணும்னு சொன்னாராம்லா? அவர் வாய்ல சக்கரை போடுங்க, டேங்குல போடாதீங்க. ஐம்பதுக்கு ஒண்ணு, லிட்டருக்கு 20 மில்லின்னு போட்டிருந்தா அதேதான். கூட ஊத்தினா பிளக்குல கரி பிடிக்கும். ஆயில் எடுத்துக்கிட்ட எடத்துல பெட்ரோல் குறையும்ல, கலவையும் வறண்டு போயி சூடு கூடத்தான் செய்யும்.

அடுத்து, எஞ்சின் பின்னாடி ஒண்ணுக்குப் போகுத ஓட்டை. சிரிக்காதீங்க, வெள்ளைக்காரனும் அப்படித்தான் சொல்லுதான். ஓடும்போது அங்கன இருந்து தண்ணி விறுவிறுன்னு பீச்சணும். சொட்டு சொட்டா வந்தா உடனே அணைங்க. கியர் காலுக்குப் பக்கவாட்டுல தண்ணி உறிஞ்சுத சல்லடை இருக்கு, அதுல பாலித்தீன் பையோ கடல்புல்லோ அப்பியிருக்கும். நீங்க தீவு ஓரமா, ஆழமில்லாத எடத்துல சுத்துதியளே, அங்கன முழுக்கப் புல்லும் மணலும். தீவுல எறங்குத ஆசையிருந்தா விட்டுருங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா. வனத்துறைக்காரன் வந்தா ஸ்பீக்கர் பாட்டுக்கு அவனும் ஆட மாட்டான்.

சல்லடை சுத்தமா இருந்தும் பீச்சல் குறைஞ்சா, ஓட்டையில ஒரு மெல்லிசுக் கம்பியை விட்டுப் பாருங்க. உப்போ குளவிக் கூடோ அடைச்சிருக்கும். அதுலயும் இல்லைன்னா உள்ள இருக்குத ரப்பர் இம்பெல்லர். அதைக் கழட்டிப் பாத்திருக்கியளா? உள்ளங்கைக்குள்ள அடங்கும். ரப்பர் இதழை வளைச்சுவிட்டா நிமிந்து நிக்கணும். போனதுன்னா வளைஞ்சது வளைஞ்சபடியே கெடக்கும், ஓரம் பளபளன்னு தேஞ்சு, அடியில விரிசல் தெரியும். ஒரு இதழ் பிஞ்சு போயிருந்தா அந்தத் துண்டு எங்கன போச்சுன்னு தேடி எடுக்காம மூடாதீங்க, அது தண்ணிக் குழாய்ல எங்கயாவது குந்தியிருக்கும். அந்த ரப்பருக்குத் தண்ணிதான் ஆயில். தண்ணியில்லாம சில நொடி ஓடினாலே கருகிரும். போன பொங்கலுக்கு வீட்டு முத்தத்துல வச்சு, சம்பந்தக்காரங்களுக்குச் சத்தம் கேக்கட்டும்னு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனியளாம்லா? சத்தம் நல்லாத்தான் இருந்திருக்கும்.

உப்புத்தண்ணியில ஓடுத எஞ்சினுக்கு உள்ள உப்பு படியும். தெர்மோஸ்டாட்டு தொறக்க வேண்டிய சூட்டுல தொறக்காது. ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்த பெறகு நல்ல தண்ணியில பத்து நிமிசம் ஓடவிடணும். உங்க காரைக் கழுவ ஆள் இருக்கு. எஞ்சினுக்கு இல்ல.

பெட்ரோலும் தண்ணியும் சரியா இருந்து, பட்டுனு நின்னு, ஆறுனா ஓடுதுன்னா காயில். உள்ள இருக்குத கம்பி சூட்டுல விரிஞ்சு எங்கயோ விட்டுப்போகும், ஆறினா ஒட்டிக்கிடும். குளிரா இருக்கும்போது மீட்டர் வச்சுப் பாத்தா யோக்கியன். நின்ன உடனே, பெட்ரோல் வாடை இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, உபரிப் பிளக்கைக் கேப்புல மாட்டி இரும்புல சாச்சு வச்சு இழுத்துப் பாருங்க. நீலமாச் சொடுக்கினா காயில் நல்லது. கையில பிடிச்சுக்கிட்டுப் பாக்காதீங்க, கடலே வெளிச்சமாத் தெரியும். கையில மாட்டுத செவப்புச் சுருள் கயிறு இருக்கே, அந்தச் சுவிட்சு வயரும் உப்புல அரிச்சிருக்கும், அதையும் ஆட்டிப் பாருங்க.

வாடைன்னதும் ஞாபகம் வருது. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், படகு அடியில போய்த் தங்கும். உங்க கூட்டாளி ஒருத்தர் சிகரெட்டோட வந்தாரே, அவரை நீந்திவரச் சொல்லுங்க. உங்க நண்பர் வாங்கப்போறதாச் சொன்ன, எஞ்சினை உள்ளயே வச்ச போட்டுக்கு ஆவியை வெளியேத்துத ஃபேன் இருக்கும். சாவி போடுததுக்கு முன்னால நாலு நிமிசம் அது ஓடணும். அதுல விளையாட்டு கெடையாது.

படகுக்கு வெளிய மாட்டுத இந்த அவுட்போர்டு எஞ்சின் பேர் வாங்குன கதையும் வெயில்லதான் ஆரம்பிக்குது, அது தெரியுமா? ஓலே எவின்ரூடுன்னு நார்வேயில பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஒருத்தர். 1906-ல ஒரு ஆகஸ்டு வெயில்ல, விஸ்கான்சின் ஏரியில, கட்டிக்கப்போற பொண்ணு பெஸ் ஐஸ்கிரீம் கேட்டுதாம். துடுப்புப் போட்டுப் போய் வாங்கிட்டுத் திரும்புததுக்குள்ள உருகிப்போச்சாம். அந்த ரோசத்துல எஞ்சின் செஞ்சாருன்னு கதை. 1909-ல விக்க ஆரம்பிச்சது ஒண்ணரைக் குதிரைசக்தி, 62 பவுண்டு எடை, 62 டாலர் விலை. பெஸ்தான் வியாபாரத்தைப் பாத்துக்கிட்டது. துடுப்பைத் தூக்கிப் போடுங்கன்னு விளம்பரம் எழுதுனதும் அந்த அம்மாதான். அவுங்க பேர்ல வந்த எஞ்சின் 2020-ல நின்னுபோச்சு. துடுப்பு இன்னும் நிக்கல.

நீங்களும் அந்த விளம்பரத்தைப் படிச்சிருப்பிய போல, போட்டுல துடுப்பே இல்ல. ஜூன் பிறந்தா கச்சான் எறங்கிரும். மேக்கேயிருந்து, நம்ம முதுகுப்பக்கம் இருந்து அடிக்குத காத்து. எஞ்சின் நின்ன போட்டைக் கரைக்குத் தள்ளாது, கெழக்கே தள்ளும். கெழக்கே என்ன இருக்கு? இலங்கையோட கல்பிட்டி. ரெண்டு துடுப்பு, ஒரு நங்கூரம், நீளமான கயிறு வைங்க. இல்லைன்னா பாஸ்போர்ட்டு வைங்க.

சரி, நாளைக்குக் காலையில வாறேன்னு சொல்லுதிய. காலையில வந்து என்னத்துக்கு? அதுக்குத்தான் நல்லா ஓடுமே. பன்னெண்டு மணிக்கு வாங்க, நல்லா ஓட்டிச் சூடேத்திக்கிட்டு வாங்க, விக்குத எஞ்சினோட வாங்க. வரும்போது ரப்பர் இம்பெல்லர் ஒண்ணு, பெட்ரோல் டியூபு மூணு மீட்டர், பிளக் ஸ்பானர். டேங்குல இருக்குத பழைய பெட்ரோலை மண்ணுல ஊத்திராதீங்க, கடல்ல ஊத்தினா நானே போலீசுக்குச் சொல்லிருவேன். கேன்ல பிடிச்சு இங்கன வச்சிருங்க. ராத்திரி அசையாம கெடந்தா தண்ணியெல்லாம் அடியில நின்னுரும், மேலாப்புல இருக்குதது ஆயில் கலந்த பெட்ரோல்தானே. என் பழைய டிவிஎஸ் 50-க்கு அதுதான் சாப்பாடு. எத்தனை லிட்டர் இருக்கும்னு சொன்னிய, பதினெட்டா?